வாசலடி வாங்கு

சனிக்கிழமை பின்னேரங்களில் வேதக்கோயிலின் நீள மர வாங்குகளைத் துடைப்பது ஹரியற் அக்காவின் வேலை. அந்த வேலையை ஒருவரும் அவளிடம் கொடுக்கவில்லை. கோயிலுக்கு ஒரு காவல்காரன் இருந்தான். அவன் நிலத்தைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்வான். ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. கிழமை முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கோயிலுக்குள்ளும் அது எப்படியோ நுழைந்து, வார்னிஷ் பூசிய மரத்தில் படிந்து பிசுபிசுக்கும். துடைக்காமல் விட்டால் ஞாயிறு காலையில் பெண்களின் வெள்ளைச் சேலைகள் வாங்கோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டுக்கு எழும்பும்போது சர்ரென்று ஒரு சத்தம் வரும். ஆகவே அவள் ஒரு வாளிச் சுடுதண்ணீரில் தேசிக்காயைப் பிழிந்து ஊற்றி, பழைய வேட்டித் துண்டை நனைத்து முறுக்கி, முன்வரிசையில் தொடங்கி வாசல்வரைக்கும் துடைத்துக்கொண்டு வருவாள்.

வாசலடியில் கிடந்த கடைசி வாங்கை மட்டும் இரண்டு தரம் துடைப்பாள். ஈரக் குடைகள் சாத்துகிற இடம் அது. புதிதாக வருகிறவர்கள் வந்து ஒதுங்குகிற இடமும் அதுதான்.

அந்தக் கோயிலில் எந்த வாங்கும் யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. இருந்தாலும் ஆர் எங்கே இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்தவரின் மனைவி பிரசங்க மேடைக்கு நேரே. அவருக்குப் பின்னால் வக்கீல் வீட்டார். ஹரியற் அக்காவும் மகள் எமிலியும் நாலாம் வாங்கு. அவளுடைய புருஷன், றெயில்வே கந்தோரில் கிளாக்கராக இருந்த றொபேட் தம்பிராசா, நடைபாதைக்கு மற்றப் பக்கம், அவர்களுக்குச் சரிநேரே இருப்பார். பிரசங்கம் நீண்டால் அவர் கண் மூடுகிறாரா என்று பார்க்க அவளுக்கு அது வசதி.

அவளும் ஒரு காலத்தில் அந்தக் கோயிலுக்குப் புதிதாக வந்தவள்தான். முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண். முதல் ஞாயிறு, கண்ட வாங்கில் போய் இருந்தாள். ஒரு அம்மா வந்து பக்கத்தில் நின்றார். செபப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ஹரியற் எழும்பி வேறு வாங்குக்குப் போனாள். அங்கேயும் ஒருவர் வந்து நின்றார். கடைசியில் குடைகளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளை ஊரிலே எவடம், எந்தக் குறிச்சி, தகப்பனைப் பெற்ற பேரனின் பெயர் என்ன என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். முகங்கள் மலர்ந்தன. அடுத்த ஞாயிறே நாலாம் வாங்கில் இடம் விட்டார்கள்.

இதைப் பல வருஷங்களாக அவள் பகிடியாகத்தான் சொல்லிவந்தாள். பிறகொரு சனிக்கிழமை, அதே வாங்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. தான் சொன்ன மறுமொழி வேறொன்றாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தாள். சாதி என்ற சொல்லைக் கோயிலுக்குள் ஒருவரும் வாயில் எடுக்கமாட்டார்கள். எடுக்கத் தேவையும் இல்லை. ஊர், குறிச்சி, பேரன் என்று மூன்று கேள்வி போதும். தேங்காய்ப்பூவைப் பிழிந்த மாதிரிப் பால் வேறு சக்கை வேறாகிவிடும். கேட்கிற முகத்தில் சிரிப்பும் இருக்கும்.

அன்றிலிருந்து அவள் அந்தக் கேள்வியை விட்டாள். புதிதாக ஆர் வந்தாலும் முதலில் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்து, விரித்தபடி கையில் கொடுப்பாள். பேரைக் கேட்பாள். மழையிலே வந்தீர்கள் என்பாள், அல்லது வெயிலிலே வந்தீர்கள் என்பாள். ஆராதனை முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு எங்கே என்று கேட்பாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சொல்லும்போது சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாக்கு நுனிவரை வந்துவிட்ட 'எவடம்' என்ற சொல்லை ஒவ்வொரு ஞாயிறும் விழுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய கவளம் என்று.

ஒருமுறை இந்தியாவின் திருநெல்வேலிப் பக்கத்துத் தையற்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து, ஆண் பெண் பக்கம் தெரியாமல் வாசலடி வாங்கில் ஒன்றாக இருந்தார். கீர்த்தனை தொடங்கியதும் அவர் தன் ஊர் ராகத்தில், கோயில் அதிரப் பாடினார். சொற்கள் அதே சொற்கள். மெட்டு மட்டும் வேறு. ஆர்மோனியம் ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போனார். தலைகள் திரும்பின. தையற்காரரின் மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஹரியற் அக்கா நாலாம் வாங்கிலிருந்தபடியே அவருடைய மெட்டுக்கு மாறினாள். அவளுக்கு எந்த மெட்டிலும் குரல் கிடையாது. அன்றைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து பாடிய மாதிரி அந்தக் கோயிலில் ஒருவரும் பாடியதில்லை என்று றொபேட் வெகுகாலம் சொல்லிச் சிரித்தார். தையற்காரர் சபையை விட்டுப் போகவில்லை.

இனி ஈவ்லினைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், மாரி தொடங்கிய ஒரு ஞாயிறு, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது கோயில் முகப்பில் ஒரு பெண் நனைந்துகொண்டு நிற்பதை ஹரியற் அக்கா கண்டாள். சின்ன வகுப்புப் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கடற்கரை ஒழுங்கை ஒன்றில் ஒரு பறங்கிச் சீமாட்டி வீட்டில் தங்கியிருந்த பெண். ஹரியற் அக்கா எழும்பிப் போய் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து, வாசலடி வாங்கைத் தன் கைலேஞ்சியால் துடைத்து இருத்தினாள். அந்தப் பெண் கடைசிப் பாட்டின் நடுவிலேயே எழும்பிப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. ஆசீர்வாதத்துக்கு முன்னம் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு என்பது ஹரியற் அக்காவின் கணக்கு: அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள், கேள்விக்குப் பயந்தவர்கள். வாடகை அறையில் இருக்கிறவளுக்கு உலை ஏது?

அதற்கு அடுத்த ஞாயிறு ஹரியற் அக்காவே போய் வாசலடி வாங்கின் வெளிக்கரையில் இருந்துகொண்டாள். ஈவ்லின் சுவரோரம் மாட்டுப்பட்டாள். ஆசீர்வாதம் முடிந்தது.

"மத்தியானம் எங்கை சாப்பாடு?"

"இருக்கிற வீட்டிலை, அக்கா."

"அவை ஞாயிற்றுக்கிழமையிலை என்ன தருவினம்?"

"பாணும் சூப்பும்."

"உது வருத்தக்காரருக்குக் குடுக்கிறதெல்லே. வாங்கோ, மீன் பொரிச்சு வைச்சிருக்கு."

அதன் பிறகு நாலாம் வாங்கில் எமிலிக்கும் தாய்க்கும் நடுவில் ஈவ்லினுக்கு ஓர் இடம் வந்தது. எமிலிக்கும் அவளுக்கும் ஒரே வயது. பிரசங்கம் நடக்கும்போது இருவரும் சிரிப்பை அடக்கப் படுகிற பாட்டில் வாங்கே ஆடும். ஒருநாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஈவ்லின், கையை நிறுத்திவிட்டு, அக்கா, நான் ஊரிலே எவடம் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லையே என்று தொடங்கினாள். ஹரியற் அக்கா பருப்பு அடிப்பிடிக்கிறது என்றாள். அடிப்பிடிக்கவில்லை. பெருந்தன்மையால் மட்டும் அவள் அந்தப் பேச்சை வெட்டவில்லை. தெரிந்தபிறகு தான் எப்படி நடந்துகொள்வாள் என்று அவளுக்கே உறுதியில்லை. தெரியாமல் இருப்பதுதான் தன்னால் முடிந்த நல்லது என்று நினைத்தாள்.

இந்த நேரத்தில் எமிலிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொட்டாஞ்சேனை மிசிஸ் முத்துக்குமாருவின் மகன், அரசாங்க ஆஸ்பத்திரி அப்போதிக்கரி. எமிலிக்குப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்தவள் திருப்பித் தர மறந்துபோனாள். அதிலிருந்தே வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. முன்னே இரண்டு பேச்சுக் குழம்பியிருந்தது. றொபேட்டுக்கு நித்திரை குறைந்துபோயிருந்த காலம். பேச்சுப்படி, மிசிஸ் முத்துக்குமாரு வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வந்து, ஐந்தாம் வாங்கில் இருந்து பெண்ணைப் பார்ப்பார். பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். பிடிக்காவிட்டால் தலையிடி என்று சொல்லிப் போய்விடுவார். பெண் பார்க்கிற இந்த முறையில் ஒருவருக்கும் மானக்கேடு இல்லை என்று கொழும்புக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நம்பின.

வெள்ளிக்கிழமை றொபேட் கந்தோர்க் கோட்டைக் கழற்றிக்கொண்டே மெல்லத் தொடங்கினார்.

"இஞ்சேர், அந்தப் பிள்ளையை வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. இந்த ஒரு ஞாயிறு மட்டும் வேறை எங்கையும் இருக்கட்டும். ஒரு வாங்கிலை இருந்தா எங்கடை ஆள் எண்டுதான் நினைப்பினம். ஆரெண்டு கேட்டா நீ என்ன சொல்லப்போறாய்? உனக்கே தெரியாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஈவ்லின் சாப்பிட வருகிற நாட்களில் மீனின் நடுத்துண்டை அவளுக்கு எடுத்து வைக்கிறவர். ஹரியற் அக்கா எமிலியின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். ஓம் என்றாள்.

சனிக்கிழமை வாங்கு துடைக்கும்போது, ஈவ்லினிடம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் கோணலாகவே வந்தது. சொல்லாமலே ஞாயிறு வந்துவிட்டது. அப்போது அவள் செய்த காரியம் இது: எமிலிக்குப் பக்கத்தில் இருந்த அந்த வெறும் இடத்தில் தன்னுடைய கறுப்புக் கைப்பையை வைத்தாள்.

முதற்பாட்டுக்கு எல்லோரும் எழும்பி நின்ற நேரத்தில் ஈவ்லின் வந்தாள். வழக்கம்போல நடைபாதையால் நடந்து நாலாம் வாங்கடிக்கு வந்தாள். கைப்பையைப் பார்த்தாள். எமிலியின் பட்டுச்சேலையைப் பார்த்தாள். பின்னால் நின்ற அந்நியப் பெண்மணியைப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, ஆச்சரியம்கூட இல்லை. பழக்கமான ஒன்றைக் கண்டவள்போலத் தலையை அசைத்துவிட்டுத் திரும்பி வாசலடிக்குப் போனாள்.

அந்தப் பையைப் பார்த்தபடி ஹரியற் அக்கா பாட்டின் இரண்டாம் கவி முழுக்க நின்றாள். செபப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தன் பக்கத்தில் வந்து நின்ற அந்த அம்மாவுக்காவது இரண்டு கால் வலித்திருக்கும். தான் ஒரு தோல்பையை அனுப்பியிருக்கிறாள்.

மூன்றாம் கவி தொடங்கும்போது அவள் வாங்கை விட்டு வெளியே வந்தாள். நடைபாதைக்கு மற்றப் பக்கம் றொபேட் பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. முழுக் கோயிலும் பார்த்திருக்க, வாசல்வரை நடந்துபோய், குடைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஈவ்லினைக் கொஞ்சம் தள்ளியிருக்கச் சொல்லி, தானும் இருந்தாள். ஈவ்லினின் மடியில் புத்தகம் மூடிக் கிடந்தது. பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஆராதனை முடிந்து வாசலில் மிசிஸ் முத்துக்குமாரு நின்றார். மரியாதையான பெண்மணி. பின்னால் எமிலியும் றொபேட்டும் வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஹரியற் அக்காவுக்குக் கை கொடுத்தார். ஈவ்லினைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளை ஊரிலை எவடம்?"

ஈவ்லின் வாயைத் திறக்க முன்னம் ஹரியற் அக்கா சொன்னாள்: "இந்தக் கோயில்."

"அது சரி. அதுக்கு முன்னம்?"

"அதுக்கு முன்னம் வெளியிலை மழைக்குள்ளை நிண்டவ."

மிசிஸ் முத்துக்குமாருவின் சிரிப்பு போகவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தலையிடி வந்துவிட்டது. ஈவ்லினும் அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. எவ்வளவு கேட்டும் மாட்டேன் என்றாள். ஆனால் ஆசீர்வாதம் முடியும்வரை இருந்தாள் என்பதைச் சொல்லவேண்டும். விருந்தாளிகளுக்கென்று ஆக்கிய இறைச்சிக்கறியையும் புட்டிங்கையும் மூன்று பேரும் இரண்டு நாள் சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை தரகர் வந்து, மாப்பிள்ளை இப்போதைக்குக் கலியாணம் வேண்டாம் என்கிறாராம் என்றார். றொபேட் அன்றைக்கு நிறையக் கதைத்தார். இரக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு என்றார். உலகத்தைத் திருத்த எமிலியின் சீவியமா கிடைத்தது என்றார். ஹரியற் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். செய்தது பிழையென்று அவளுக்குத் தோன்றவில்லை. கோயில் முழுக்க முகத்தைத் திருப்பினாலும் அதைத் தாங்குகிற முதுகு அவளுக்கு இருந்தது. எமிலி படத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் குசினியில் ஹரியற் அக்கா வாளிக்குள் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தாள். எமிலி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அழுத முகமில்லை.

"அம்மா, நீங்கள் ஈவ்லினோடை போய் இருந்தது சரி. நான் அதைக் கேக்கேல்லை."

"பின்னை என்ன பிள்ளை?"

"என்னையும் வா எண்டு கூப்பிட்டிருக்கலாமே. நானும் வந்திருப்பன். அந்த மனிசி பிடரியிலை கண்ணை வைச்சுக்கொண்டிருக்க, ஆராதனை முடியுமட்டும் நானும் உங்கடை கைப்பையுமெல்லே தனிய இருந்தனாங்கள். ஒருக்கால் திரும்பிப் பாத்தீங்களே?"

ஹரியற் அக்காவின் கைக்குள் தேசிக்காய்த் தோல் கசங்கியது. புதிதாக வந்தவர்களிடம் என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மழையிலே வந்தீர்கள் என்று சொல்லலாம். சாப்பாடு எங்கே என்று கேட்கலாம்.

எமிலி உள்ளே வந்தாள். பிறகு கொடியில் கிடந்த வேட்டித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாளியைத் தூக்கி, தண்ணீர் தளும்பாமல் மெல்ல நடந்து வெளியே போனாள்.