கன்னியம்மாள் ஊதிய மூச்சு

கிரிவலப் பாதையிலுள்ள எங்கள் ஊரான அடி அண்ணாமலையில், பிள்ளை பிறந்த வீட்டுக்கு உறவுக்காரர்களுக்கும் முன்னால் வந்துவிடுபவர் கன்னியம்மாள். கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவர் வேலை. வாய் ஓயாது. பிள்ளைக்கு மூக்கு சப்பை, தாய்க்குப் பால் கம்மி என்று ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் காலில் கிடந்த எந்தப் பிள்ளையும் அதிக நேரம் அழுது நான் பார்த்ததில்லை.

1996இல் என் அக்கா ஆதிலட்சுமிக்கு, கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, ஆண் குழந்தை பிறந்தது. பிறந்து சில நாளில் ஒரு பௌர்ணமி. வெந்நீர் ஊற்றி முடித்ததும் வழக்கம்போலக் கன்னியம்மாள் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டார். சளி வரட்டும் என்று வாயை வைத்து ஊதினார். கொஞ்சம் பலமாகவே ஊதிவிட்டார். குழந்தை வாயைத் திறந்தது, அழுகை வரவில்லை. உதடு நீலமானது.

"ஐயோ, மூச்சு இல்லடி!" என்று அக்கா அலறினாள்.

கன்னியம்மாள் குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டினார். மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். ஆட்டோ நுழைய வழியில்லை. எல்லோரும் ஒரு பக்கம் நடக்க, நாங்கள் எதிர்ப்பக்கம். "வழி வுடுங்க சாமி, கொழந்த சாவுது!" என்று கத்தியபடி கன்னியம்மாள் முன்னால் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மாளை அங்கேயே அறையலாம் போலிருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து எண்ணெயை உறிஞ்சி எடுத்ததும் குழந்தை வீறிட்டது. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூச்சு போற வழியில காத்து எவ்ளோ அழுத்துதுன்னு மூளை பாத்துக்கிட்டே இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "நீங்க அழுத்தி ஊதினா, நுரையீரல் ரொம்பிடுச்சு, போதும்னு மூச்சு இழுக்கறத நிறுத்திடும். எண்ணெய் வேற உள்ள போயிருக்கு. இனிமே யாருக்கும் ஊதாதீங்க."

அக்காவையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பும் வழியில் கன்னியம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எத்தினி புள்ளைங்களுக்கு ஊதியிருக்கேன். தங்காம போனதுங்களும் இருக்கே, பாப்பா."

நான் அவரைவிட்டு விலகி நடந்தேன்.

குழந்தை வீடு வந்த மறுநாள் அவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"வேணாம்க்கா," என்றேன்.

"கூட்டத்துல வழி பண்ணது யாருடி?" என்று அக்கா என்னை முறைத்தாள். பிள்ளையைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினாள்.

குளிப்பாட்டி முடித்ததும், பழக்கத்தில் அவர் முகம் பிள்ளையின் மூக்கை நோக்கிக் குனிந்தது. நான் பதறி எழுந்துவிட்டேன். அவர் ஊதவில்லை. கன்னத்தை மூக்கருகே வைத்து அசையாமல் இருந்தார்.

"வருதும்மா, மூச்சு வருது," என்றார். பிறகு உடைந்து அழுதார்.