ஒருசந்திக்கு மாதுளைச் சாறு

அந்தோணிமேரி ஜூஸ் விற்பார், குடிக்க மாட்டார். சிதம்பரம் அண்ணாமலை நகரில் பாதி மாணவர் விடுதியின் தாகத்தைத் தீர்ப்பது அவர் கடைதான். அவருக்குத் தாகம் எடுத்தால் பானைத் தண்ணீர். ஏன் என்று கேட்டால் கோபம் வரும். "சக்கைய மாட்டுக்குப் போடுறேன். மாடு நல்லாத்தான் இருக்குது. சக்கரத் தண்ணியக் குடிக்கிறவன்தான் தல சுத்துதுன்னு வந்து நிக்கிறான்." இதைச் சொல்லிக்கொண்டே அடுத்த டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை போடுவார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கணவர் தைரியராஜ் கடலூர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது வேலை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலைப் பங்குக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்களையும் புத்தகம் பாராமல் நடத்துவார். அதில் அவருக்கிருந்த பெருமை, ஆண்டு முழுக்கச் சேர்த்த தாழ்ச்சியை ஒரே மாலையில் செலவழித்துவிடும்.

சென்ற ஆண்டு அந்த மனப்பாடத்தில் ஓட்டை விழத் தொடங்கியது. வீட்டுச் சாவி, பால்காரர் பெயர், பிறகு ஒரு நாள் மூன்றாம் ஸ்தலத்தின் ஜெபம். அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மனைவியின் அண்ணன் மகன் லியோவிடம் சொன்னார். லியோ பொய் சொல்கிறவன் அல்ல, நம்புகிறவன். அது இன்னும் ஆபத்து. நாவல், மாதுளை, கறுப்புத் திராட்சை கலந்த ஒரு சாற்றை அவன் வாங்கி வந்தான். மூளையின் அழற்சி தணியும், ஞாபகம் தீட்டப்படும் என்று சீசாவில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு மூளை சிரித்துக்கொண்டிருந்தது.

அத்தோடு தவக்காலமும் வந்தது. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு. திரவம் குடித்தால் ஒருசந்தி முறியாது என்பது சட்டம். நோயாளிக்கும் அறுபதைத் தாண்டியவருக்கும் ஒருசந்தி கடமையில்லை என்பதும் சட்டம்தான். கோர்ட்டிலேயே காலம் கழித்த தைரியராஜ், எல்லாக் கட்சிக்காரர்களையும் போலத் தமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டார். மதியம் சோறு, காலையும் இரவும் பெரிய டம்ளர் நிறையச் சாறு. சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாதென்று தாமே தீர்ப்பு எழுதி, அதற்கு ஈஸ்டர்வரை வாய்தா வாங்கிவிட்டார். மனைவி காலை பஸ்ஸில் சிதம்பரத்துக் கடைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வீட்டில் கேட்க ஆளில்லை.

தவக்காலத்தின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, ஏழாம் ஸ்தலம். இயேசு இரண்டாம் முறை விழுகிறார். மக்கள் முழந்தாளிட்டு எழுந்தார்கள். "ஏழாம் ஸ்தலம்" என்றார் தைரியராஜ் மறுபடியும். மறுபடியும் முழந்தாளிட்டார்கள். மூன்றாம் முறையும் அதுவே. கோர்ட்டுப் பழக்கம் போல என்று சிலர் நினைத்தார்கள். பிறகு அவர் மைக்கை நெருங்கி, "வாதி சுப்புராயன்! சுப்புராயன்! சுப்புராயன்!" என்றார்.

கோயிலில் யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் இலக்கியா, அந்தோணிமேரியை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"அப்ப அந்த ஜூஸு வெஷமா?"

"வெஷம்லாம் இல்லம்மா. இந்தப் பழங்கள்ல அழற்சியக் கொறைக்கிற சத்து இருக்குது. ஞாபகத்துக்கும் நல்லதா இருக்கலாம்னு சில ஆராய்ச்சில சொல்றாங்க. எல்லாம் சின்ன ஆராய்ச்சி. இருக்கலாம், அவ்ளோதான். ஆனா நார எடுத்துட்டு, மாத்திரைய நிறுத்திட்டு, சக்கர நோயாளி டம்ளர் டம்ளரா குடிச்சா சக்கரதான் ஏறும். அது மூளைக்கு ஆகாது."

"இருக்கலாம்னா, அத சீசாவுல எழுத வேண்டியதுதான?"

"எழுதுனா யாரும்மா வாங்குவாங்க?"

"இவுருக்கு மறதி போயிடுமா?"

"சக்கரையால வந்தது போயிடும். மீதி எவ்ளோன்னு போகப் போகத்தான் தெரியும்."

இந்தப் பதிலை யார்மேல் வீசுவது என்று அந்தோணிமேரி வராந்தாவில் நின்றபோது லியோ வந்தான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதல்லவா? கையில் புது சீசா.

"என்னாடா அது?"

"மாமாவுக்குத்தான் அத்த. டோஸ் பத்தலன்னு நெனைக்கிறேன்."

"எப்பவோ கேசு போட்டுச் செத்துப்போன சுப்புராயன கோயில்ல நின்னு கூப்புடுறாருடா ஒங்க மாமா! இன்னம் ரெண்டு டம்ளர் ஊத்துனா அந்தாளே எந்திரிச்சி வந்துருவான். கொண்டாடா, ஒந்தலையில ஊத்துறேன். மொதல்ல ஒனக்கு மூள இருக்குதான்னு பாப்போம்."

"என்னைய மட்டும் திட்டு. ஒன் கட போர்டுல என்னா போட்டிருக்க? 'மாதுளை மூளைக்கு பலம்'. மாமா அதப் பாத்துட்டுத்தான் எங்கிட்ட வந்தாரு. ஒங்கிட்ட கேட்டா ஊத்தித் தரமாட்டியாம்."

"அது ஃப்ளெக்ஸ் போடுறவன் போட்டது."

"நீ படிச்சியா இல்லியா?"

பதில் இல்லாதவர்களில் இரண்டு வகை: அடங்கிப் போகிறவர்கள், இன்னும் கத்துகிறவர்கள். அந்தோணிமேரி இரண்டாம் வகை. லியோவை, ஃப்ளெக்ஸ்காரனை, சீசாவில் சிரித்த மூளையை, உள்ளே படுத்திருந்த புருஷனை வரிசையாகத் திட்டினார். செவிலியர் வந்து வெளியே போகச் சொன்ன பிறகும் வாசலில் நின்று திட்டினார். மறுநாள் கடையில் அந்தப் போர்டை ஆணியோடு பிடுங்கினார். விற்பனை ஒன்றும் குறையவில்லை. அதை நம்பிய ஒரே ஆள் கடலூரில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவைப்பாதையை வேறு யாராவது நடத்தட்டுமே என்று பங்குச் சாமியார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தைரியராஜ் மறுத்தார். சாமியாருக்கு ஆதரவாகப் பேசுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட அந்தோணிமேரி, "அவுருதான் சொல்லுவாரு" என்று சாமியாரிடமே சீறினார். வீட்டில் இட்லியையும் மாத்திரையையும் கணவர் முன் வைத்தார்.

"இன்னைக்கி ஒருசந்தி, மேரி."

"அந்தப் பாவம் என் கணக்குல இருக்கட்டும். தின்னுங்க."

கோயிலில் கணவர் பக்கத்திலேயே ஜெபப் புத்தகத்தோடு நின்றார். தைரியராஜுக்கு அது பெரிய அவமானம். அந்தக் கடுப்பிலேயே பத்து ஸ்தலங்களைப் பிசிறில்லாமல் கடந்தார். கோபத்தால் ஞாபகம் தெளியுமா என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. பதினோராவதில் நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அந்தோணிமேரி பல்லைக் கடித்தபடி முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்.

"தெரியும்டி, அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார் தைரியராஜ். மைக் அதையும் கோயில் முழுக்கச் சொன்னது.

பிறகு அந்தப் பழைய கோர்ட்டுக் குரலில் ஜெபத்தை முடித்தார். அந்தோணிமேரி புத்தகத்தை மூடவில்லை. பன்னிரண்டாம் ஸ்தலத்துக்குப் பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டார்.