பல்லோடு போன பதினோரு பேர்

மாமனாரோடு ஒரே வீட்டில் இருந்த ஒரு மருமகள், ஒன்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அச்சகம் மூடியதும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். விட்டுப்போன ஒற்றெழுத்தை ஒரே பார்வையில் பிடிக்கிற கண். அதனால், தப்பை முன்கூட்டியே சுட்டிக்காட்டும் டைப்ஸ்கிரிப்ட் என்கிற புரோகிராம் மொழியின் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. என் தப்பைப் பிடிக்க இன்னொருத்தரா என்று சாதா ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதினாள்.

தெருமுனைப் பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் கேட்டார். அவள் ஓஆர்எம் என்கிற ஒரு ரெடிமேட் கருவியைத் துணைக்கு எடுத்துக்கொண்டாள். என்னென்ன இருக்கின்றன, எது எதற்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டால் டேட்டாபேஸில் டேபிள் போடுவது, சேர்ப்பது, அழிப்பது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். அவள் சொன்னது இரண்டே எண்டிட்டி, அதாவது இரண்டே வகைப் பதிவு: நோயாளி, பல். ஒரு நோயாளிக்குப் பல பற்கள். ஒரு பல்லுக்கு ஒரே நோயாளி. நோயாளிக்கு எழுதியதை அப்படியே காப்பி அடித்து, பெயர்களை மாற்றிப் பல்லுக்கும் வைத்தாள். மாமனாரிடம் காட்டினாள். தன் பெயருக்குக் கீழே முப்பத்திரண்டு பல் இருப்பதைப் பார்த்து அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. வாயில் இருந்தது என்னவோ பத்தொன்பதுதான்.

அடுத்த வாரம் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மாமனார் போனார். டாக்டர் பிடுங்கினார், கம்ப்யூட்டரிலும் அந்தப் பல்லை நீக்கினார். வாயில் பஞ்சோடு மருந்துச் சீட்டுக்கு வந்து நின்றவரிடம், அப்படி ஒரு ஆளே இல்லை என்றாள் வரவேற்பறைப் பெண். பஞ்சை வைத்துக்கொண்டு வாதாட முடியாமல் அவர் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

டாக்டர் மருமகளுக்குப் போன் போட்டார்.

"உங்க மாமனார் இங்கதான் உக்காந்திருக்கார். லிஸ்ட்லதான் இல்ல. பல்லப் புடுங்கினா ஆளே போயிடறாரும்மா."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பல் அடைத்துக்கொண்டவர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறார்கள், பிடுங்கிக்கொண்ட பதினோரு பேரையும் காணோம் என்று அவர் சொன்னதும், எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்று தடவை எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஒரு கமாகூடப் பிசகவில்லை. பெருமைப்படுகிற நேரமா அது? நாலாவது தடவைதான் எழுத்தை விட்டுவிட்டு அர்த்தத்தைப் படித்தாள். என்னை அழித்தால் என்னோடு சேர்ந்ததையும் அழி என்கிற வரி நோயாளியில் இருந்தது, சரி. காப்பி அடித்த வேகத்தில் பல்லிலும் அதே வரி இருந்தது. பல் போனால் நோயாளி; நோயாளி போனால் மிச்சப் பற்கள். குடும்பத்தோடு கைலாசம்.

பல்லில் இருந்த வரியை எடுத்தாள். தினசரி பேக்கப்புகளைத் துழாவிப் பதினோரு பேரையும் மீட்டுவிட்டு, கிளினிக்குக்கு ஓடினாள். மாமனார் பஞ்சை எடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"நான் வீட்ல இருக்கறது புடிக்கலன்னா, வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா?"

டாக்டர்தான் சிரித்துச் சமாளித்தார்.

அன்றிலிருந்து எந்த வேலையும் மாமனார் கண்ணில் படாமல் வெளியே போவதில்லை. போன மாதம் தையல் கடைக்கு எழுதினாள். சட்டை அளவை அழித்தால் ஆள் இருப்பானா என்று கேட்டார். இருப்பார் மாமா என்றாள். வாய் வார்த்தை போதாது என்று, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் கண் முன்னாலேயே அழித்துக் காட்டச் சொன்னார்.