பத்திரிகை மட்டும் வந்தால்

செக்காலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக விலங்கியல் நடத்துகிறாள் தேனம்மை. நோய்த்தடுப்புப் பாடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்றுதான் பேச்சு. போன ஜூனில் கல்லல் பக்கமிருந்து சுபா வேலைக்கு வந்தாள். பிள்ளைகள் அந்தப் புது டீச்சர் பின்னாலேயே சுற்றின. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி முன்னால் நடத்தும் மாதிரி வகுப்பும் இந்த வருடம் சுபாவுக்கே போய்விட்டது. தேனம்மைக்கு வயிறு எரிந்தது.

புதன்கிழமை சுபா ஒத்திகை பார்த்தபோது தேனம்மை ஜன்னலோரம் நின்று கேட்டாள்.

"பத்திரிகை வந்தா மட்டும் கல்யாணத்துக்குப் போயிருவோமா? வீட்டுக்கு வந்து வாய்விட்டுச் சொல்லணும்ல? ரத்தத்துல கிருமியோட சண்ட போடுற டி செல்லும் அப்படித்தான். இன்னொரு செல்லு கிருமியோட துண்டக் கொண்டாந்து காட்டும். அது பத்திரிகை. கூடவே ஒரு புரதத்தால தொட்டு வரச்சொல்லும். ரெண்டும் இருந்தாத்தான் எந்திரிச்சுப் பெருகும். பெறகு உதவி டி செல்லு எந்த வேலைக்குப் பிரியணும்னு சுத்தியிருக்குற சைட்டோகைன்ங்கிற சேதிப் புரதம் சொல்லும்."

இருபத்தாறு வருடத்தில் தனக்கு இது தோன்றவில்லையே என்று தேனம்மை புழுங்கினாள்.

"நேர்ல சொல்லலைன்னா டீச்சர்?" என்றது ஒரு பிள்ளை.

"சும்மா காத்துக்கிட்டு இருக்கும். எப்பச் சொன்னாலும் எந்திரிச்சிரும்."

தப்பு. தேனம்மைக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. வருகிற அதிகாரியும் விலங்கியல் படித்தவர். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவளுக்கு இன்னொரு கோபமும் உண்டு. தையில் நடந்த தன் கல்யாணத்துக்கு எல்லார் வீட்டுக்கும் போய் அழைத்த சுபா, இவளுக்கு மட்டும் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இவள் போகவில்லை. அதன்பின் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதுமில்லை.

வியாழன் சாயங்காலம் சுபா வாசலில் வந்து நின்றாள். "கல்யாணத்துக்குச் சொல்ல ரெண்டு தடவை வந்தேன் டீச்சர். பூட்டிக் கெடந்துச்சு, கண்டனூருக்குப் போயிருக்கீகன்னாக. மறுபடி வந்து சொல்லாதது எந் தப்புதான். நாளைக்கு வகுப்புக்கு நீங்க வந்து உக்காரணும். நேத்து ஜன்னல்ல நின்னீகல்ல, ஏதும் பிழை இருந்தாச் சொல்லுங்க."

தேனம்மைக்கு நாக்கு நுனிவரை வந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள்.

மறுநாள் வகுப்பில், அந்தப் பிள்ளை கேட்ட அதே கேள்வியை அதிகாரியும் கேட்டார். சுபா அதே பதிலைச் சொன்னாள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தேனம்மை பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க."

தேனம்மை எழுந்தாள். "காத்துக்கிட்டு இருக்காது சார். மரத்துப்போயிரும். பெறகு முறையா வந்து கூப்பிட்டாலும் லேசுல எந்திரிக்காது."

சொல்லி முடித்ததும் சுபாவைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். அதிகாரி பாராட்டினார். சுபா கரும்பலகையில் அதைத் திருத்தி எழுதிவிட்டு, வகுப்பு கலைந்ததும் அருகில் வந்தாள்.

"நேத்தே தெரியுமா டீச்சர்?"

தேனம்மை கரும்பலகையில் சுபா எழுதியிருந்த 'மரத்துப்போகும்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.