ஜெயம்மாள் கால்

நயீம் அகமது ஆம்பூர்க்காரர், பச்சைத்தோல் தரகர். சந்தை சந்தையாகப் போய்த் தோல் வாங்கிப் பதனிடும் ஷாப்புகளுக்கு அனுப்புவது தொழில். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் அவர் ஏறினால் ஒரு பலகை முழுக்கக் காலியாகிவிடும். அதை மரியாதை என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வாசனைதான் காரணம் என்று அவருக்குத் தெரியும். இடம் கிடைத்த பிறகு காரணத்தை நோண்டுவானேன் என்று காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்.

1931-ல் மதராஸுக்குப் போனவர் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கேமரா வாங்கிவந்தார். மடக்கினால் கோட்டுப் பைக்குள் போகும். திறந்தால் துருத்தி நீண்டு மூக்கு வெளியே வரும். செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர் ஒருவரையும் எடுக்கவில்லை. போகிற ஊர்களில் தண்ணீர் ஓடும் இடங்களை மட்டும் எடுத்தார். பள்ளிகொண்டாவில் ஒரு மதகு, காவேரிப்பாக்கத்தில் ஏரிக்குப் போகும் வாய்க்கால், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி வெட்டிய கால்வாய்கள். ஏன் என்று கேட்டால், "நாள் பூரா செத்த மாட்டையே பாக்கறேன். ஓடறது எதையாச்சும் பாக்க வேணாமா?" என்பார். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. ஊர் அதற்குக் கிறுக்கு என்று பெயர் வைத்தது.

அந்தக் கால்வாய்களை எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் சுருக்கமாகக் 'கால்' என்பார்கள். வெட்டியவர் பெயரோ நிலம் விட்டுக்கொடுத்தவர் பெயரோ முன்னால் ஒட்டிக்கொள்ளும். ராஜம்மாள் கால், ரெட்டியார் கால், ஆம்பூருக்கு வெளியே ஜெயம்மாள் கால். நயீமின் வீட்டுப் பேச்சு உருது, அதில் கால்வாய்க்கு நஹர் என்று பெயர். ஆனால் வயல்காரர்களோடு பழகிப் பழகி அவரும் கால் என்றே சொல்லக் கற்றிருந்தார். இது எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை என்று நினைத்ததுதான் அவர் செய்த தப்பு.

அந்த வருஷம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பில்கிஸ், தோல் ஷாப்பு முதலாளி அப்துல் சமத் சாஹிபின் ஒரே மகள். பெரிய இடம். நயீம் பில்கிஸை ஒரே ஒரு முறை, அதுவும் சின்ன வயதில், பார்த்திருந்தார். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவள் கிடைக்காமல் போனால் வேறு எவளும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

நயீமின் படங்களைக் கழுவித் தருகிறவர் வேலூரில் ஸ்டுடியோ வைத்திருந்த சுந்தரமூர்த்தி. ஷாப்பு ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்க அவரைச் சமத் சாஹிப் ஒருநாள் வரவழைத்தார். வேலை முடிந்து கிளம்பும்போது சுந்தரமூர்த்தி, மாப்பிள்ளை வீட்டுச் செய்திதானே என்று, நல்லெண்ணத்தில் வாயைத் திறந்தார்.

"நயீம் பாய்கிட்ட சொல்லிடுங்க, சாஹிப். ஜெயம்மா கால் ரொம்ப நல்லா விழுந்திருக்குது. ராஜம்மா கால் வளைவு ஜோரு. ரெட்டியார் கால்தான் கொஞ்சம் ஆடிப்போச்சு. பாசி வேற ஜாஸ்தி."

சாஹிப் சாயங்காலம் நயீமைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஜெயம்மா யாரு?"

"அவங்க செத்து ரொம்ப வருசம் ஆச்சு, சாஹிப்."

"செத்தவ காலயா படம் புடிச்சே?"

"அவங்கதான் செத்துட்டாங்க. கால் இருக்குது. இப்பவும் நல்லா ஓடுது."

சாஹிப் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"ரெட்டியார் கால் எதுக்குடா? அவரு ஆம்பளயாச்சே."

அப்போதுதான் நயீமுக்கு விஷயம் உறைத்தது. நஹர், நஹர் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். சாஹிப் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்று மறுநாள் காலை ஜட்கா கட்டச் சொன்னார். படங்களையும் சுந்தரமூர்த்தியிடமிருந்து வாங்கிவரச் செய்தார்.

ஜெயம்மாள் கால் அங்கே இருந்தது, இரண்டு கரையோடும் புல்லோடும். சாஹிப் அதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஜட்காக்காரனைக் கூப்பிட்டு அவனுக்கும் விளக்கிச் சொல்லிச் சிரிக்கவைத்தார். நயீமுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. அந்தச் சந்தோஷத்தில், இருப்பதிலேயே நன்றாக வந்திருந்த படத்தை எடுத்துச் சாஹிப் கையில் கொடுத்தார்.

அதே காலில் கொஞ்சம் கீழே, ஒரு பக்கம் தெளிந்த தண்ணீர், பக்கத்திலேயே வெள்ளையாய் இன்னொரு தண்ணீர், இரண்டும் கலக்காமல் கொஞ்ச தூரம் கூடவே ஓடும் படம் அது. நயீமுக்கு அந்த அழகு மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. வெள்ளையாய் இருந்தது தோல் ஊறவைத்த சுண்ணாம்புத் தண்ணீர். அது வெளியே வரும் மதிலும் படத்தில் விழுந்திருந்தது. மதிலில் பெரிய எழுத்தில் சாஹிபின் பெயர் இருந்தது.

பயிர் கருகுகிறது என்று கீழ்மடைக் குடியானவர்கள் கலெக்டருக்கு மனுப் போட்டிருந்த சமயம் அது. தன் ஷாப்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போவதில்லை என்று சாஹிப் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

"பொம்பள காலா இருந்தாக்கூட தௌபா பண்ணி மன்னிப்பு கேக்கச் சொல்லி விட்டிருப்பேன்" என்றார், மிகவும் சாந்தமாக. "கேமரா, பிலிம், படம், எல்லாத்தயும் எங்கிட்ட கொண்டாந்து குடுத்துடு. நிக்காஹ் சொன்ன தேதியில நடக்கும். குடுக்க மனசு இல்லன்னா அதயும் இப்பவே சொல்லிடு."

நயீம் கொடுத்துவிட்டார். அன்று மத்தியானமே, எல்லா ஊர்க் கால்வாய்களையும் சேர்த்து ஒரு துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பிவந்து அழுதார் என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். அவரை நினைத்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. கீழ்மடைக்காரர்களின் மனு தள்ளுபடியானது.

நிக்காஹ் சிறப்பாக நடந்தது. பிரியாணியைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் பில்கிஸ் அவரிடம் பேசியதை அவளே பிற்காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள்.

"அந்த நஹர் படமெல்லாம் காட்டுங்க. கால் கதயச் சொல்லிச் சொல்லி வீடே சிரிச்சுது. நான்தான் ஜாஸ்தி சிரிச்சேன். படத்துக்காகவே சீக்கிரம் வரணும்னு இருந்தேன்."

"இல்ல" என்றார் நயீம்.

"இல்லன்னா இன்னா அர்த்தம்?"

"உங்க அப்பாஜான்கிட்ட குடுத்துட்டேன். கேமராவயும்தான்."

அப்பா அதையெல்லாம் ஏன் வாங்கிக்கொண்டார் என்று பில்கிஸ் விசாரிக்கவில்லை. ஷாப்புச் சுண்ணாம்புத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க ஏன் குடுத்தீங்க?"

"உனக்காகத்தான்."



"நிக்காஹ்ல சம்மதமான்னு என்னய மூணு வாட்டி கேட்டாங்க" என்றாள். "இத ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்."