அண்ணனின் முழங்கால்

மலாக்காவில் காஜா பெராங் பகுதி இரும்புப் பட்டறையில் எனக்கு நல்ல கைகாரன் என்று பெயர். அந்தப் பெயரை நானும் நம்பியதுதான் அண்ணனுக்கு வினையாகிவிட்டது.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப்போன அண்ணன், இடது காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பிறகு மரக்கால்தான். அதன் முழங்காலில் இருந்த இரும்புக் கீல் வியர்வையும் கடல் காற்றும் பட்டுத் துருப்பிடிக்கும். நடந்தால் கிறீச்சிடும். சில நாள் மடங்கவே மடங்காது. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை காலி, காவல் காக்க ஆள் வேண்டுமாம், திங்கட்கிழமை வந்து நடந்து காட்டச் சொன்னார்கள் என்றார் அண்ணன். பன்னிரண்டு வருடமாக என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குத் தொண்டையில் முள்.

"காலு கத்தாம இருந்தா போதும்டா. பாவம் பாத்துக் குடுத்த வேலைன்னு ஆயிடக் கூடாது."

பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வந்த சாமான்களில், உள்ளங்கை அளவு ஸ்டெயின்லெஸ் கட்டி ஒன்று எனக்கு அகப்பட்டது. மலாக்கா முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. துருவே பிடிக்காத முழங்கால் செய்துவிடலாம். இரும்பையும் பித்தளையையும் இழைத்தவனுக்கு இது என்ன பெரிய காரியம்? அந்தத் திமிரில், சனிக்கிழமை காலையிலேயே பழைய கீலை அறுத்துக் குப்பையில் எறிந்தேன்.

வெளி வடிவம் ஒருவழியாக வந்தது. அச்சு நுழையும் துளை மட்டும் பாக்கி. இருப்பதோ ஒரே கட்டி, அதுவும் அண்ணன் கால். தூங்கும் பிள்ளையைத் தொடுவதுபோலத் துளைக்கருவியை மெல்ல மெல்ல வைத்து எடுத்தேன். துருவல் விழவில்லை. தொட்ட இடம் கண்ணாடியாகப் பளபளத்தது. முனையைத் தீட்டினேன், எண்ணெய் விட்டேன், மறுபடி வைத்தேன். பளபளப்புதான் கூடியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுமை போய், முழு பலத்தோடு அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். முனை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் தோண்டி எடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. இரும்பில் புதிதாகச் செய்ய மூன்று நாள் வேண்டும்.

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை செய்த ஒருவர் பின்னால் சொன்னார்: "அதத் தடவக் கூடாது. எடுத்த எடுப்புலயே அழுத்தி வெட்டணும். தடவத் தடவ இறுகிப்போயிரும்." பாசத்தில் தடவினேன், பாவி.

திங்கட்கிழமை அண்ணன் காற்சட்டையின் ஒரு காலை மடித்துக் குத்திக்கொண்டு, கக்கத்தில் கட்டையை ஊன்றிப் போனார். சீக்கிரமே திரும்பிவிட்டார். கட்டையைப் பார்த்ததுமே வேலை இல்லை என்றுவிட்டார்களாம், யாரும் நடந்து காட்டக்கூடச் சொல்லவில்லையாம். கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். என்னைத் திட்டியிருக்கலாம்.

புதன்கிழமை இரும்புக் கீல் போட்ட மரக்காலைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். மடக்கிக் காட்டினேன். சத்தமே இல்லை.

"மாட்டிப் பாருங்கண்ணே."

அண்ணன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"எங்கடா போறதுக்கு?" என்றார்.