வாங்க மறுத்த தபால்

பிப்ரவரி, முதல் திங்கள்: என் மனைவியின் பெயருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று பதிவுத் தபாலில் வந்தது. ‘பெற மறுத்தார்’ என்று எழுதித் தபால்காரர் திருப்பி எடுத்துச் சென்றார்.
மார்ச், மூன்றாம் புதன்: நீதிமன்ற அழைப்பாணை வந்தது. அவளே கையொப்பமிட்டாள்.
ஏப்ரல், இரண்டாம் வியாழன்: அவள் இறந்தாள்.

மறுத்தவர் அவளல்ல, நான்.

அவளுடைய தம்பி ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொடுக்கும் சிறு பட்டறை நடத்தினான். அவனுக்குக் கடனாகத் தோல் கொடுத்த வியாபாரி, பிணையாக நம்பகமான ஒருவரின் செக்கைக் கேட்டார். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஓய்வுபெற்ற செவிலியான என் மனைவி கொடுத்தாள். தம்பி கடனைக் கட்டவில்லை. வியாபாரி செக்கை வங்கியில் போட்டார். கணக்கில் பணம் போதாமல் அது திரும்பியது.

அதற்குள் புற்றுநோய் அவளைப் படுக்கையில் கிடத்தியிருந்தது. தம்பி எனக்குப் போன் செய்தான்.

“மாமா, ரிஜிஸ்டர் தபால் வரும். கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. வாங்குனாதான் கேஸு. இங்க எல்லாரும் ரிட்டர்ன்தான் பண்றாங்க.”

இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவன் நான். கடனைக் கட்டத் தெரியாதவனிடம் சட்டம் கற்றுக்கொண்டேன். நோயாளிக்குத் தெரிய வேண்டாம் என்பது என் நியாயம்.

அவள் தினமும் கேட்டாள்: “தபால் எதுனா வந்துச்சா?”

“கரண்ட் பில்லு மட்டும்தான்.”

அழைப்பாணையுடன் வந்த காவலரைக் கட்டிலிலிருந்தே அவள் உள்ளே அழைத்தாள்.

“நோட்டீஸ ஏம்மா திருப்பி அனுப்புனீங்க?” என்றார் அவர்.

அவள் தாளைப் படித்தாள். குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’ என்பார்கள். அச்சொல்லை விரலால் தொட்டாள்.

“எதிரியா நானு?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “செக்கு ரிட்டர்ன்னு மெசேஜ் வந்த அன்னிக்கே டெபாசிட்ட உடைச்சிட்டேன். தம்பிகிட்ட குடுத்தா தின்னுடுவான். நோட்டீஸ் வந்தா வக்கீல்கிட்டயே கட்டலாம்னு காத்துனு இருந்தேன். எனக்கு இன்னா தெரியும்னு நெனச்சீங்க?”

அதன்பின் அவள் தபாலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நான் கலந்தாலோசித்த வழக்கறிஞர் சிரித்தார். “திருப்பி அனுப்புனாலும் வாங்குன மாதிரிதான் சார். வாங்கியிருந்தா பதினஞ்சு நாள் டைம். பணத்தக் கட்டியிருந்தா கேஸே இல்ல. இவ்ளோ படிச்சிருக்கீங்க, பிரிச்சுப் படிக்கல பாருங்க!” நான் பணத்துடன் வியாபாரியிடம் போனேன். கோர்ட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். வழக்குக்குக் குறித்த நாளுக்கு முன்பே அவள் இறந்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் தம்பி என்னைத் தனியே அழைத்தான்.

“ஒண்ணு நல்லதாச்சு மாமா. எதிரி செத்துட்டா கேஸ் க்ளோஸாம்.”

“சாப்பிட்டுப் போ” என்றேன். சாப்பிட்டான்.

செய்யாமல் நிற்பவை:

இறப்புச் சான்றிதழை நீதிமன்றத்தில் கொடுப்பது.
அவள் எடுத்துவைத்த பணத்தை வியாபாரியிடம் சேர்த்து, கடன் தீர்ந்ததென அவள் பெயருக்கு எழுதி வாங்குவது.
தம்பியை இனி வர வேண்டாம் என்பது.
தவறு என்னுடையது என்று அவளிடம் சொல்வது. அதற்கு மூன்று வாரம் இருந்தது.